பச்சைக் காய்க்கும் தட்டில் இடம் வேண்டும்

ராமநவமிக்கு நீர்மோர், பானகத்தோடு ஊறவைத்த பாசிப்பருப்புக் கோசுமல்லியும் கொடுப்பது தமிழ்நாட்டு வீடுகளிலும் கோயில்களிலும் பழகிய வழக்கம். பருப்போடு பொடியாக நறுக்கிய வெள்ளரியும் மாங்காயும் சேரும், தேங்காய்த் துருவலும் பச்சைமிளகாயும் சேரும். அடுப்பில் ஏறுவது தாளிப்புக் கரண்டி மட்டும்தான். அந்தப் பண்டிகை மார்ச் கடைசியிலோ ஏப்ரலிலோ வருகிறது. வெயில் ஏறத் தொடங்கி, வெள்ளரிப்பிஞ்சைக் கூறு கட்டி விற்கிற, மாங்காய் புளிப்போடு திரண்டு நிற்கிற நேரம் அது. அந்தந்த மாதம் விளைவதைப் பச்சையாக நறுக்கி, உப்பும் புளிப்பும் கூட்டிச் சாப்பிடும் பக்குவம் நம் சமையலுக்குள்ளேயே இருக்கிறது. ஆனால் அது இன்று பண்டிகைக்கும் கல்யாணப் பந்திக்கும் ஒதுங்கிவிட்டது. பிரியாணிக்கு வைக்கும் வெங்காயப் பச்சடியை விட்டுவிட்டால், வாரநாள் தட்டில் வேகாத காய் என்று பெரும்பாலான வீடுகளில் எதுவும் இல்லை. இன்னொரு பக்கம், சாலட் என்பது எடை குறைக்க நினைப்பவர்கள் காசு கொடுத்து வாங்கும் தனி உணவாகிவிட்டது. பண்டிகைக்கும் டயட்டுக்கும் நடுவே விட்டுப்போன அன்றாடத்தை மீட்க வேண்டும். சோறும் குழம்பும் பொரியலும் இருக்கிற அதே தட்டில், அந்தப் பருவத்தில் மலிவாகக் கிடைக்கும் ஒரு காயோ கனியோ பச்சையாகவும் இருக்க வேண்டும் என்பதே இங்கே நான் வைக்கும் வாதம்.

இதற்கான முதல் காரணம் அளவு. ஒருவர் நாளொன்றுக்குக் காய்கறியும் பழமுமாகக் குறைந்தது 400 கிராம் சாப்பிட வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனம் பல ஆண்டுகளாகச் சொல்லிவருகிறது. ஹைதராபாத்தில் உள்ள தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2024-இல் வெளியிட்ட உணவு வழிகாட்டி, தட்டில் பாதி காய்கறியும் பழமுமாக இருக்க வேண்டும் என்கிறது. நம் மத்தியானத் தட்டைப் பாருங்கள். நடுவில் சோறு குவிந்திருக்கும், அதன்மேல் சாம்பார் ஓடும், ஓரத்தில் ஒரு கரண்டி பொரியல் ஒட்டிக்கொண்டிருக்கும். சாம்பாரில் மிதக்கும் இரண்டு முருங்கைத் துண்டையும் நான்கு கத்தரித் துண்டையும் சேர்த்தாலும் பாதித் தட்டு என்ற பேச்சுக்கு இடமில்லை. வதக்கினால் காய் சுருங்கும், அதனால் பொரியலை மட்டும் கூட்டி இந்த அளவை எட்டுவது நடைமுறையில் கடினம். நடுத்தர அளவு வெள்ளரிக்காய் ஒன்று ஏறத்தாழ 200 கிராம் இருக்கும். இருவர் பகிர்ந்துகொண்டால் ஆளுக்கு 100 கிராம், அதாவது தேவையில் கால் பங்கு, தோல் சீவி நறுக்கும் நேரத்திலேயே கிடைத்துவிடுகிறது.

காய் குறைந்த இடத்தைச் சோறு நிரப்புவதன் விளைவையும் நாம் பார்த்துக்கொண்டிருக்கிறோம். இந்திய மருத்துவ ஆராய்ச்சி கவுன்சிலின் (ஐ.சி.எம்.ஆர்) ஆதரவுடன் நாடு முழுவதும் நடந்த நீரிழிவு ஆய்வின் முடிவுகள் 2023-இல் வெளியாயின. இந்தியாவில் ஏறத்தாழ 10.1 கோடிப் பேருக்கு நீரிழிவு இருப்பதாக அது கணக்கிட்டது. தமிழ்நாட்டின் விகிதம் 14.4 சதவீதம், நாட்டின் சராசரியைவிட அதிகம். தட்டில் வெள்ளரி வைத்தால் சர்க்கரை நோய் போய்விடும் என்று சொல்ல வரவில்லை. ஆனால் சாப்பிடும் வரிசைக்கும் ரத்தச் சர்க்கரைக்கும் தொடர்பு இருக்கிறது. நியூயார்க்கின் வெயில் கார்னெல் மருத்துவக் கல்லூரி ஆய்வாளர்கள் 2015-இல் இரண்டாம் வகை நீரிழிவு உள்ள 11 பேருக்கு ஒரே சாப்பாட்டை இரண்டு வரிசையில் கொடுத்துப் பார்த்தார்கள். காய்கறியையும் கோழிக்கறியையும் முதலில் சாப்பிட்டு, கால் மணி நேரம் கழித்து ரொட்டி சாப்பிட்ட நாளில் சர்க்கரை கணிசமாகக் குறைவாகவே ஏறியது. சிறிய ஆய்வுதான், அதை வைத்து மருந்தை நிறுத்திவிட முடியாது. ஆனாலும் பந்தியில் சோறு விழும் முன்பே இலையில் கோசுமல்லியும் பச்சடியும் வைத்துவிடும் நம் பரிமாறும் முறையை நினைத்துப் பார்க்க இது போதும்.

இரண்டாவது காரணம் வைட்டமின் சி. வெப்பத்தில் அழிவதும் தண்ணீரில் கரைந்து வெளியேறுவதும் அதன் இயல்பு. வேகவைத்த தண்ணீரை வடித்துக் கொட்டினால் அதில் பெரும்பகுதி சாக்கடைக்குப் போகிறது. பருப்பிலும் கீரையிலும் தானியத்திலும் இருக்கும் இரும்புச் சத்தை உடல் எளிதில் எடுத்துக்கொள்வதில்லை. அதே வேளை உணவில் வைட்டமின் சி சேர்ந்தால் உறிஞ்சப்படும் அளவு கூடும். தேசிய குடும்ப நல ஆய்வின் ஐந்தாம் சுற்றுப்படி, 2019–21-இல் தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயது வரையிலான பெண்களில் 53.4 சதவீதம் பேருக்கு ரத்தசோகை. அவர்களில் பலரும் பருப்பு சாப்பிடுகிறவர்கள்தான். அந்தப் பருப்பின்மேல் அரை மூடி எலுமிச்சையைப் பிழிவதும், பக்கத்தில் நாலு துண்டு கொய்யாவோ துருவிய நெல்லிக்காயோ வைப்பதும் செலவு குறைந்த உதவி. இரும்புச் சத்து மாத்திரை தேவைப்படுகிறவர்களுக்கு அது தேவைதான், அதில் மாற்றுக் கருத்து இல்லை.

பச்சையாகத் தின்பதே உயர்ந்தது, சமைத்தால் சத்து போய்விடும் என்று பிரச்சாரம் செய்கிறவர்களோடு எனக்கு உடன்பாடில்லை. தக்காளியின் சிவப்புக்குக் காரணமான லைகோபீனும் கேரட்டின் கரோட்டினும் எண்ணெயோடு சமைக்கும்போதுதான் உடலுக்கு நன்றாகக் கிடைக்கின்றன. மரவள்ளியையும் ராஜ்மாவையும் பச்சையாகச் சாப்பிட்டால் உடம்புக்கு ஆபத்து. கீரைகளில் பலவும் வெந்தால்தான் வாய்க்கும் வயிற்றுக்கும் ஒத்துவரும், யாழ்ப்பாணத்தில் வல்லாரையைப் பச்சையாக அரிந்து தேங்காய்ப்பூவும் வெங்காயமும் தேசிக்காய்ப் (எலுமிச்சை) புளியும் சேர்த்துச் செய்யும் சம்பல் போன்ற சில அருமையான விதிவிலக்குகள் தவிர. எனவே பொரியலை எடுத்துவிட்டுப் பச்சடி வையுங்கள் என்று கேட்கவில்லை. இரண்டும் அடுத்தடுத்து இருக்கட்டும்.

பருவத்தைப் பிடித்துக்கொண்டால் இதற்கென்று தனிச் சமையல் குறிப்பே வேண்டியதில்லை. தை, மாசியில் முள்ளங்கி இளசாக, காரம் அடங்கி வரும். துருவி, லேசாகப் பிழிந்து, தயிரில் போட்டுக் கடுகு தாளித்தால் போதும். நெல்லிக்காயும் அப்போது மலிவு. பங்குனி பிறந்தால் வெள்ளரிப்பிஞ்சும் மாங்காயும், சித்திரை, வைகாசியில் தர்பூசணியும் நுங்கும். தர்பூசணியின் சிவப்பைத் தின்றுவிட்டு எறிகிற வெள்ளைப் பகுதியைத் துருவினால் அதுவும் வெள்ளரியைப் போலவே பச்சடிக்கு ஆகும். பழநிக்குப் பக்கத்து ஆயக்குடிச் சந்தையில் கொய்யா வந்து குவியும் நாட்களில், செங்காயாக வாங்கி மெல்லிசாக அரிந்து உப்பும் மிளகாய்த்தூளும் தூவினால் எந்த ஓட்டல் சாலட்டும் அதன் பக்கத்தில் நிற்காது. ஆயுத பூஜை சமயத்தில் வெண்பூசணி லாரி லாரியாக வந்து இறங்குகிறது. திருஷ்டி கழிக்க நடுரோட்டில் உடைபடும் அந்தக் காயின் இளசைப் பச்சையாகத் துருவி மோரிலோ தயிரிலோ கலந்தால் வெள்ளரியைவிட மென்மையான பச்சடி கிடைக்கும். உண்ணத் தகுந்த காய் இவ்வளவு சக்கரத்தில் நசுங்கிப்போவதைப் பார்க்க மனம் பொறுக்கவில்லை.

எந்தப் பருவத்திலும் கைகொடுப்பது வாழைத்தண்டு. பட்டைகளை உரித்துவிட்டு நடுத்தண்டை எடுத்து, வட்ட வட்டமாக அரியும்போது ஒவ்வொரு வில்லைக்கும் பின்னால் சிலந்தி இழை போல நார் இழுபடும். அதை ஆள்காட்டி விரலில் சுற்றிச் சுற்றி எடுத்துக்கொண்டே போக வேண்டும். வில்லைகளை அடுக்கி வைத்துப் பொடியாக நறுக்கி, உடனே மோர் கலந்த தண்ணீரில் போட்டால் கறுக்காது. இளந்தண்டாக இருந்தால் வேகவைக்க அவசியமே இல்லை, தண்ணீரை வடித்துக் கெட்டித் தயிரில் சேர்க்கலாம். வாழை விளையாத மாவட்டம் குறைவு, தண்டின் விலையும் குறைவு, நார்ச்சத்தும் நிறைய. இப்படி ஒரு பொருள் நம் சந்தையில் கிடக்கும்போது, நகரத்து உணவகங்கள் சாலட் என்றால் நீலகிரியிலிருந்து குளிர்வண்டியில் வரும் லெட்டூஸ் இலையைத்தான் நினைக்கின்றன. லெட்டூஸும் நல்லதுதான், மலை விவசாயிகளுக்கு அது வருமானம். ஆனால் அது இல்லாவிட்டால் சாலட் இல்லை என்ற எண்ணம்தான் சாமானிய வீட்டை இந்த உணவிலிருந்து விலக்கிவைக்கிறது.

பருவத்தைப் பார்த்து வாங்கும் பழக்கத்தில் விவசாயிக்கும் பங்கு உண்டு. 2023 ஜூலையில் தக்காளி கிலோ 100 ரூபாயைத் தாண்டியபோது, அரசு ரேஷன் கடைகளில் 60 ரூபாய்க்கு விற்க வேண்டியிருந்தது. அதே தக்காளி வரத்து மிஞ்சிய மாதங்களில் பறிப்புக் கூலிக்குக்கூடக் கட்டாமல், பாலக்கோட்டிலும் ஒட்டன்சத்திரத்திலும் சாலையோரம் கொட்டப்பட்டதையும் நாம் செய்தியாகப் படித்திருக்கிறோம். விலை ஏறினாலும் இறங்கினாலும் வாரம் இரண்டு கிலோ என்று வாங்குவது நம் குழம்பின் கட்டாயம். பச்சடிக்கு அந்தக் கட்டாயம் கிடையாது. தக்காளி விலை ஏறினால் மாங்காய், அது முடிந்தால் முள்ளங்கி என்று மாறிக்கொள்ளும் சுதந்திரம் அதற்கு இருக்கிறது. மிஞ்சும் விளைச்சலை வாங்கிக்கொள்ளவும், பற்றாக்குறையில் ஒதுங்கி நிற்கவும் அதனால் முடியும். வீட்டுச் செலவும் அதே அளவு இலகுவாகும்.

செய்முறையில் கவனிக்க வேண்டியது ஒன்றே ஒன்று, உப்பு. நறுக்கிய காயில் உப்புப் பட்டதும் அது தண்ணீர் விடத் தொடங்கும். அரை மணி நேரம் கழித்துப் பார்த்தால் கிண்ணத்தின் அடியில் தண்ணீர் நிற்கும், வெள்ளரி துவண்டு கிடக்கும். வீட்டில் செய்த சாலட் நன்றாக இல்லை என்று பலரும் சொல்வதற்குப் பாதிக் காரணம் இதுதான். பாசிப்பருப்பை நகம் பதியும் அளவுக்கு ஊறவைத்து வடித்து, காயைச் சேர்த்து, தேங்காய் தூவி, எண்ணெயில் கடுகும் பெருங்காயமும் கறிவேப்பிலையும் தாளித்துக் கொட்டி மூடி வைத்துவிடலாம். உப்பும் எலுமிச்சையும் தட்டில் வைக்கும் நேரத்தில் போதும். தேங்காயும் தாளிப்பு எண்ணெயும் ருசிக்கு மட்டும் என்று நினைக்க வேண்டாம். கேரட்டின் கரோட்டின் உடலில் சேரக் கொழுப்பு வேண்டும், அதை இந்த இரண்டும் தருகின்றன. கடையில் விற்கும் மயோனைஸ் இதே வேலையை அளவுக்கு மீறிச் செய்கிறது. அதில் பெரும்பகுதி எண்ணெய். பச்சை முட்டையில் செய்யும் மயோனைஸால் உணவு நஞ்சாகும் ஆபத்து இருப்பதால், தமிழ்நாடு அரசு 2025 ஏப்ரலில் அதற்கு ஓராண்டுத் தடையே விதித்தது.

ஆபத்து என்றதும் இந்த வாதத்துக்கு எதிரான மிக வலுவான கேள்வியும் வந்துவிடுகிறது. நம் தண்ணீரையும் நம் சந்தையையும் வைத்துக்கொண்டு பச்சைக் காய் சாப்பிடலாமா? முன்னோர்கள் எல்லாவற்றையும் வேகவைத்தது காரணமில்லாமலா? காரணம் இருக்கிறது. டைபாய்டும் அமீபா வயிற்றுப்போக்கும் கழுவாத காய் வழியாகப் பரவும். மனிதக் கழிவு கலந்த நீர் பாய்ந்த காயில் நாடாப்புழு முட்டை இருந்தால், அது உடலுக்குள் போய் மூளையில் கட்டி உண்டாக்கி வலிப்பைக்கூடத் தரலாம். பூச்சிக்கொல்லிப் பயமும் வெறும் கற்பனை இல்லை. தமிழ்நாட்டுக் காய்கறிகளில் எச்சம் அதிகம் என்று 2015-இல் கேரளம் சொன்னதும், நம் அரசு மறுத்ததும் பலருக்கு நினைவிருக்கும். எந்தத் தரப்பு சரி என்பதைத் தாண்டி, சந்தைக் காய்களைத் தொடர்ந்து சோதித்து முடிவை மக்கள் படிக்கும்படி வெளியிடும் ஏற்பாடு வேண்டும் என்பதை அந்தச் சச்சரவு காட்டியது. சமைப்பது கிருமிக்குப் பதிலாகுமே தவிர, பூச்சிக்கொல்லிக்கு முழுப் பதில் ஆகாது. எச்சமுள்ள காயைச் சாம்பாரில் போட்டாலும் அதில் ஒரு பங்கு உள்ளேதான் போகிறது. ஆகவே அந்தக் கவலையைப் பச்சடியின் தலையில் மட்டும் கட்டுவது நியாயமில்லை.

கிருமியைப் பொறுத்தவரை, எந்தக் காயைத் தேர்ந்தெடுக்கிறோம் என்பதிலேயே பாதிப் பாதுகாப்பு இருக்கிறது. நம் மரபுப் பச்சடிகளில் வரும் வெள்ளரி, மாங்காய், முள்ளங்கி, கேரட், வெண்பூசணி, வாழைத்தண்டு எல்லாமே தோல் சீவியோ பட்டை உரித்தோ பயன்படுத்துகிறவை. தேங்காய் ஓட்டுக்குள் இருக்கிறது, எலுமிச்சையும் தோலுக்குள் இருக்கிறது. இவற்றைச் சீவுவதற்கு முன்பே ஓடும் தண்ணீரில் தேய்த்துக் கழுவ வேண்டும். கழுவாமல் சீவினால் தோலின் அழுக்கைக் கத்தி உள்ளே கொண்டுபோய்விடும். மீனோ கறியோ நறுக்கிய பலகையில் இதை வைக்கக் கூடாது, நறுக்கியதை அடுத்த வேளைக்கு வைக்கவும் கூடாது. மடிப்பு மடிப்பாக மண்ணையும் நீரையும் பிடித்துவைக்கும் இலைகளிடம்தான் எச்சரிக்கை வேண்டும். ஐப்பசி, கார்த்திகை மழையில் வயலில் தண்ணீர் நிற்கும்போது வரும் கீரையையும் கொத்தமல்லியையும் பச்சையாகத் தவிர்த்துவிடலாம். கர்ப்பிணிகளும் நோய் எதிர்ப்பு குறைந்தவர்களும் வெளியில் நறுக்கி வைத்ததைத் தொடாமலிருப்பது நல்லது. இதே காரணத்தால் பள்ளிச் சத்துணவில் பச்சடி போட வேண்டும் என்று கேட்க எனக்குத் துணிவில்லை. ஆயிரக்கணக்கான மையங்களில் கழுவும் தண்ணீருக்கு யார் பொறுப்பேற்பது? அங்கே வாரத்தில் ஓரிரு நாளாவது முழு வாழைப்பழத்தைக் கொடுக்கலாம். தோலை உரிப்பது குழந்தையின் கையாகவே இருக்கும்.

அடுத்த கேள்வி வேலை. காலையில் குழம்பும் பொரியலும் வைத்து, டப்பா கட்டி, வேலைக்கும் ஓடுகிற பெண்ணிடம் இன்னொரு பதார்த்தம் செய்யச் சொல்வது எந்த நியாயம்? இதில் உண்மை இருக்கிறது. ஒன்றைக் கூட்டுவதாக இருந்தால் ஒன்றைக் குறைக்க வேண்டும். இரண்டு பொரியல் செய்கிற வீட்டில் ஒன்று பச்சடியாகட்டும், அப்பளம் பொரிக்கும் நேரத்தில் வெள்ளரி நறுக்கட்டும். தாளிப்பைத் தவிர அடுப்போ கொதியோ இல்லாத இந்த வேலைக்குச் சமையல் தெரிந்திருக்க வேண்டிய அவசியம்கூட இல்லை. கத்தி பிடிக்கத் தெரிந்த கணவரும் பத்தாம் வகுப்புப் பையனும் இன்றைக்கே எடுத்துக்கொள்ளலாம். எடுத்துக்கொள்ளாத வீட்டில் சிக்கல் பச்சடியில் இல்லை.

ஒத்துக்கொள்ளாது, வாயு பிடிக்கும், குளிர்ச்சி என்று பெரியவர்கள் சொல்வதையும் தள்ளிவிட முடியாது. நார்ச்சத்துக்குப் பழகாத வயிறு முதல் சில நாள் உப்பத்தான் செய்யும், கொஞ்சமாகத் தொடங்கினால் பழகிவிடும். பல் இல்லாதவர்களுக்குத் துருவிக் கொடுக்கலாம். பெருங்காயமும் இஞ்சியும் தாளிப்பில் சேர்வது இந்தக் கவலைக்காகவும்தான். பொட்டாசியத்தை அளந்து சாப்பிட வேண்டிய சிறுநீரக நோயாளிகள் மட்டும் மருத்துவரைக் கேட்காமல் எதையும் கூட்டக் கூடாது.

வீட்டுக்கு வெளியே சாப்பிடுகிறவர்கள் லட்சக்கணக்கில் இருக்கும் மாநிலம் இது. விடுதி மாணவர்களும் மேன்ஷன்வாசிகளும் ஓட்டல் மீல்ஸை நம்பியிருக்கும் ஓட்டுநர்களும் பச்சைக் காயைப் பார்ப்பதே அரிது. மீல்ஸ் என்றால் கூட்டு, பொரியல், ரசம், மோர், அப்பளம் என்ற அமைப்பு பல பத்தாண்டுகளாக அப்படியே இருக்கிறது. அதில் அந்த மாதத்துப் பச்சடிக்கு ஒரு கிண்ணம் ஒதுக்கினால், கழுவும் வசதியும் சுத்தமான குடிநீர் இணைப்பும் உள்ள ஓட்டல்களுக்குப் பெரிய செலவு ஆகாது. அதற்கு எரிவாயுச் செலவும் மிகக் குறைவு. அரசுக்கும் இதில் வேலை உண்டு. 1999 நவம்பர் 14 அன்று மதுரையில் முதல் உழவர் சந்தை தொடங்கியது விவசாயியும் வாங்குகிறவரும் நேருக்கு நேர் பார்க்க வேண்டும் என்பதற்காக. அன்றாட விலையை எழுதிவைக்கும் பலகை அங்கே ஏற்கெனவே இருக்கிறது. இந்த மாதம் பக்கத்து ஊர்களில் விளைந்து வரத்து அதிகமாக இருக்கும் காய் எது, அதைப் பச்சையாகச் சாப்பிடலாமா, எப்படிக் கழுவ வேண்டும், கடைசியாக எச்சம் சோதித்தது எப்போது, முடிவு என்ன என்பதையும் அதே பலகையில் எழுதிவைக்கத் தோட்டக்கலைத் துறையும் உணவுப் பாதுகாப்புத் துறையும் சேர்ந்து ஏற்பாடு செய்ய வேண்டும்.